கேஸ் மாத்திரை காக்காத இடம்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பவர்கள் பையைத் திறந்து பாருங்கள். விபூதி இருக்கிறதோ இல்லையோ, வலி மாத்திரை அட்டை ஒன்று கட்டாயம் கிடக்கும். என் பையில் கிடந்தது டைக்ளோஃபெனாக். நத்தம் தாண்டினால் முழங்கால் கூப்பாடு போடும். காரைக்குடி திரும்பிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் தினமும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் வேறு. மருந்துக்கடைத் தம்பி, "கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்குங்கண்ணே, வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். காலையில் எழுந்ததும் அவன் கொடுத்த கேஸ் மாத்திரை பேன்டோபிரசோலை விழுங்கிவிட்டுத் தைரியமாக இருந்தேன்.

சித்திரையில் முகப்புப் படி ஏறவே மூச்சு வாங்கியது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.4. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனது. இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் உள்ளே கசிந்த ரத்தமும் அந்தக் கறுப்பிலேயே ஒளிந்துகொண்டது. இரண்டு மாதம் வீண்.

அப்புறம் மதுரை. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை சுத்தம். கொலனாஸ்கோப்பிக்கு முந்தின ராத்திரி குடித்த பேதி மருந்தை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. படுக்கைக்கும் கக்கூசுக்கும் நடந்த நடைக்கு இன்னொரு முறை பழநியே போய் வந்திருக்கலாம். பெருங்குடலும் சுத்தம். அப்படியானால் ரத்தம் எங்கே போகிறது?

மிச்சம் சிறுகுடல்தான். கேமரா கேப்சூல் விழுங்கச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு ஸ்கேன்: வலி மாத்திரைப் புண் ஆறும்போது குடலுக்குள் சவ்வு மாதிரி வளையம் கட்டிப் பாதை குறுகலாம், கேப்சூல் அங்கே சிக்கிக்கொள்ளும் என்றார் டாக்டர். கேப்சூல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், முனையில் மினுக் மினுக்கென்று வெளிச்சம். இடுப்பில் பெல்ட், அதில் படத்தைப் பதிய ஒரு பெட்டி. எட்டு மணி நேரம் அதைச் சுமந்துகொண்டு லாட்ஜில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அது வெளியே வந்துவிட்டதா என்று பார்த்த கதையை இங்கே எழுத வேண்டாம்.

படத்தில் சிறுகுடலில் அங்கங்கே புண். இரண்டில் ரத்தம் கசிந்தது.

"தினமும் கேஸ் மாத்திரை போட்டேனே சார்?"

"அது அமிலத்தைக் குறைக்கும். இரைப்பையைக் காக்கும், அடுத்து முன்சிறுகுடலையும் காக்கும். அதற்குக் கீழே அமிலமே இல்லையே, அங்கே அது என்ன செய்யும்?"

குடலின் உள்தோலைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை வலி மாத்திரை குறைத்துவிடுகிறதாம். போதாததற்கு டைக்ளோஃபெனாக் ஈரல் வரை போய்ப் பித்தத்தோடு மறுபடியும் குடலுக்கே வந்து சேர்கிறது. மேல்பூச்சுப் போட்ட ஆஸ்பிரினும் இரைப்பையைத் தாண்டிக் குடலில்தான் கரைகிறது. எனக்கு இது சரியான அநியாயமாகப் பட்டது.

டைக்ளோஃபெனாக் அன்றே நின்றது. ஆஸ்பிரினையும் நிறுத்திவிடுகிறேன் என்றேன், நல்ல திட்டு. ஸ்டென்ட் இருக்கிறவர் சொந்தமாக முடிவெடுக்கக் கூடாதாம். இதய டாக்டரிடம் பேசி, அதை மட்டும் தொடரச் சொன்னார். இரும்புச் சத்தை டிரிப்பில் ஏற்றினார்கள். நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1. முழங்காலுக்குப் பிசியோதெரபி, முடியாத நாளில் பாராசிட்டமால். வலி முழுக்கப் போனது என்று சொன்னால் பொய்.

இந்த வருஷம் சிங்கம்புணரியோடு நடையை முடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட நடந்தவர் ஒருவர், "மாத்திரை இருக்காண்ணே?" என்றார். பாராசிட்டமாலை நீட்டினேன். "இது எந்த மூலைக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.