தராசில் விட்ட 300 கிராம்

எங்கள் அம்மா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிறவர். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போட வேண்டும். அந்த ஆறு நாள்தான் ஒரு தவணை. கரையில் காயவைத்து, தவணைக்கு ஒரு தடவை எடை போடுவார்கள். அம்மா, சித்தி, அத்தை, இரண்டு மதினிமார் என்று ஐந்து பேருக்கும் கணக்கு எழுதுவது நான்தான். போனில் கூகுள் ஷீட்ஸ்.

போன மாசி மாதம் எடை போடும்போது பக்கத்தில் நின்றேன். அம்மாவின் மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடி ஆடி எட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. 7 கிலோ 800. வியாபாரி நோட்டில் எழுதியது ஏழரை. "அரை அரையாத்தான் எழுதுவாங்க, எப்பவும் அப்படித்தான்" என்றார் அம்மா. ஐந்து பேர் எடையையும் நான் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

இப்படி அரை அரையாகக் கீழே இறக்கும் ஃபங்ஷன், அதாவது கணக்குச் சூத்திரம், ஷீட்டிலேயே இருக்கிறது. பெயர் ஃப்ளோர். எஃப், எல், ஓ, ஓ, ஆர் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அடைப்புக்குள் முதலில் எண், அப்புறம் எதன் மடங்கு வேண்டுமோ அது. ஃப்ளோர்(7800, 500) என்றால் 7500. 500-இன் மடங்குகளில் 7800-ஐத் தாண்டாத பெரியது அதுதான். கிராமிலேயே போடுங்கள். 7.8 மாதிரி தசம எண்களைக் கணினி அச்சு அசலாக வைத்துக்கொள்வதில்லை, மடங்கின் ஓரத்தில் நிற்கும் எண்ணில் அது காலை வாரலாம்.

ஐந்து எடைகள்: 7800, 6600, 9400, 5900, 8600. வரிக்கு வரி ஃப்ளோர் போட்டால் 7500, 6500, 9000, 5500, 8500. கூட்டினால் 37,000. முதலில் கூட்டிப் பாருங்கள்: 38,300. அதற்கு ஒரே ஒரு ஃப்ளோர் போட்டால் 38,000. ஃபங்ஷன் அதே, மடங்கும் அதே. கூட்டும் முன் போடுகிறோமா, கூட்டிய பின் போடுகிறோமா என்பதில் ஒரு கிலோ போய்விடுகிறது. சித்தியின் 9400 ஆறு நாள் உழைப்பு. அதில் வெட்டுப்பட்ட 400 கிராம், கால் நாள் உப்புத் தண்ணீரில் கிடந்து எடுத்தது. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அடுத்த தவணையிலிருந்து ஐந்து பேர் பாசியும் ஒரே கணக்கு. அரை கிலோ அரை கிலோவாகத்தான் வாங்குவேன் என்றால் சரி, மொத்தத்தில் வெட்டிக்கொள்ளட்டும். வருகிற பணத்தை அவரவர் கிராமுக்குத் தக்கபடி நாங்களே பிரித்துக்கொள்கிறோம். பக்கத்துக் கட்டத்தில் மிச்சம்: வகுத்தால் வரும் மீதியைச் சொல்லும் ஃபங்ஷன் மாட் (எம், ஓ, டி). மாட்(38300, 500) என்று போட்டால் 300 வரும். அந்த 300 கிராம் பாசி விற்காமல் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும், அடுத்த எடையில் சேரும்.

கூலியைப் பிரிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. சில்லறைத் தொல்லை வேண்டாம் என்று 50 ரூபாய் மடங்காகக் கொடுத்து, மீதியை அடுத்த தவணைக்கு வைக்கிறோம். ஒரு மதினி முன்பணம் வாங்கியிருந்ததால் அவர் கட்டத்தில் மைனஸ் 70. ஃப்ளோர் அதை மைனஸ் 100 ஆக்கிவிட்டது! கீழே இறக்குவது என்றால் மைனஸில் இன்னும் கீழே போவதுதானே. 70 ரூபாய்க் கடன் 100 ஆகிவிடுகிறது. மடங்கையும் மைனஸ் 50 என்று கொடுத்தால் மைனஸ் 50 வரும். 2010-க்கு முந்திய எக்செலில் மைனஸ் எண்ணுக்குப் பிளஸ் மடங்கு கொடுத்தால் பிழை என்றே காட்டும், குறைந்தபட்சம் நமக்குத் தெரிந்துவிடும். இப்போது சத்தமில்லாமல் விடை வந்துவிடுகிறது. அதனால் மைனஸ் வந்தால் தொடாதே என்று ஒரு இஃப், அதாவது நிபந்தனை, போட்டுவிட்டேன். கடனை யாரும் ரவுண்டு பண்ண வேண்டாம்.

போன பௌர்ணமித் தவணையில் மூட்டையைக் கொக்கியில் மாட்டப் போனார்கள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்கண்ணே. ஏய், பரண்ல இருந்த பழைய முந்நூறச் சேத்தாச்சா?"