மாதம் 28,000 என்றார்கள்: அம்மாவுக்கு ஓர் இல்லம் தேடிய அனுபவம்

முதியோர் இல்லத்துக்கு போன் போட்டு "மாசம் எவ்வளவு?" என்று கேட்டால் வரும் பதிலை அப்படியே நம்பாதீர்கள். அது அறைக்கும் சாப்பாட்டுக்குமான தொகை மட்டும். குளிப்பாட்ட, கழிப்பறைக்குக் கூட்டிப்போக, நேரத்துக்கு மாத்திரை கொடுக்க என்று கூடவே ஆள் தேவைப்படுகிறவர்களுக்குக் கணக்கு அதற்கு மேல்தான் தொடங்கும்.

அம்மாவுக்கு 82 வயது. பக்கவாதம் வந்ததில் இடது பக்கம் தளர்ந்துவிட்டது. வாக்கர் பிடித்து நாலு அடி நடப்பார், புத்தி தெளிவு. தம்பி பெங்களூரில், நான் திருச்சியில், இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். வீட்டோடு தங்கும் ஆள் வைத்துப் பார்த்தோம். ஏஜென்சி அனுப்பிய பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அம்மாவே "எங்கேயாவது நல்ல இடமா பாரு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊருக்குள் பார்த்த முதல் இல்லத்தில் போனில் சொன்னது 28,000. நேரில் போனதும் ஒரு தாளை நீட்டினார்கள். உதவியாளருக்குத் தனி, டயாபருக்குத் தனி, பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு என்று தனி, துணி துவைக்கத் தனி. இதற்கெல்லாம் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை 2 லட்சம். கூட்டிப் பார்த்தால் 45,000-ஐத் தாண்டியது. "போனில் ஏன் இதைச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே மேடம்" என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே.

இன்னோர் இடம் ஊருக்கு வெளியே, மாமரமும் கிணறுமாக அழகாக இருந்தது. போனில் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் அம்மாவை டாக்சியில் கூட்டிப்போனேன். அம்மா இறங்கக்கூட இல்லை. டிக்கியிலிருந்து வாக்கரை எடுத்ததைப் பார்த்ததுமே வாசலில் நின்ற அம்மையார் தலையை ஆட்டிவிட்டார். "தன் வேலையைத் தானே செஞ்சுக்கறவங்கதான் இங்கே." போனில் பேசியது வேறு யாரோவாம். டாக்சிக் காசும் அம்மாவின் முதுகுவலியும்தான் மிச்சம். முதியோர் இல்லம் என்ற பலகை தொங்குகிற இடங்களில் பெரும்பாலானவை நடமாட்டம் உள்ளவர்களுக்கானவை. கோயம்புத்தூர்ப் பக்கம் வீட்டை விலைக்கு வாங்கிக் குடியேறும் முதியோர் குடியிருப்புகளும் முக்கியமாக நல்ல உடல்நிலையில் இருக்கிறவர்களை நம்பித்தான் கட்டப்படுகின்றன. எனவே போனில் முதல் கேள்வியாக "படுக்கையில் இருப்பவரை, டயாபர் போட்டவரைச் சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். பதிலை வாட்சப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அம்மா படுத்த படுக்கையாகிவிட்டால் வெளியே அனுப்புவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஜிஎஸ்டி விஷயம் எனக்குத் தெரிந்த தணிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் புரிந்தது. வருமான வரித் துறையில் பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்து, 60 வயதுக்கு மேற்பட்டவரிடம் தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் வரி கிடையாது. லாபத்துக்கு நடத்தும் நிறுவனத்துக்கு இந்த விலக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அறக்கட்டளை இல்லங்களாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தேன்.

பட்டியல் எங்கே கிடைக்கும்? இணையத்தில் தேடினால் தரகர்கள்தான் வருகிறார்கள். உருப்படியாக உதவியது 14567. முதியோருக்கான இலவசத் தொலைபேசி எண், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். அம்மாவின் நிலையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் பக்கம் உள்ள இல்லங்களைச் சொன்னார்கள். இல்லம் பதிவு பெற்றதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும் சொன்னார்கள். அங்கே போய்க் காத்திருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், நான் கேட்காமலே, "கோட்டாட்சியர்கிட்ட மனு போடும்மா, தம்பிகிட்டேருந்து மாசம் 10,000 வரைக்கும் வாங்கித் தருவாங்க" என்றார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தில் அதற்கு வழி இருப்பது உண்மைதான். ஆனால் என் தம்பி பணம் தர மறுக்கவில்லை ஐயா என்று விளக்குவதற்குள் என் முறை வந்துவிட்டது.

காப்பீட்டை நம்பி யாரும் அலைய வேண்டாம். அம்மாவுக்குத் தனியார் பாலிசி ஒன்று இருக்கிறது. கிளை அலுவலகத்தில் உட்காரவைத்து, கடைசியில் பாலிசித் தாளில் விலக்கு எண் 05-ஐக் காட்டினார்கள். குளிக்க, உடுத்த, நடக்க உதவும் பராமரிப்பு, அது வீட்டில் நடந்தாலும் இல்லத்தில் நடந்தாலும், கணக்கில் வராது. எந்த நிறுவனத்தின் பாலிசியிலும் பெரும்பாலும் இதே விலக்கு, இதே எண்ணில் இருக்கும். வீட்டிலேயே எடுத்துப் பார்த்துவிட்டு அந்த நாளை மிச்சப்படுத்துங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பு இல்லாமல் கிடைக்கும் ஆயுஷ்மான் என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? அம்மாவிடமே இருந்தது: குடும்ப ஓய்வூதியமும், அப்பா விட்டுப்போன வைப்பு நிதியும். அதை எடுப்பதற்குத்தான் பாடு.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் கையெழுத்து மாறிவிட்டது. வைப்பு நிதி முதிர்ந்திருந்தது. வங்கிக் கவுன்டரில் இருந்தவர் "கையெழுத்து ஒத்துப்போகலை, அம்மாவை நேரில் கூட்டிட்டு வாங்க" என்றார். அவர்களால் படி ஏற முடியாது என்றேன். "அப்போ பவர் எழுதிட்டு வாங்க." அம்மா சார்பில் நான் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்தான் பவர். அதை எழுத எவ்வளவு செலவு, எவ்வளவு நாள் என்று அவருக்குக் கவலை இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே போய்ச் சேவை செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர் கைநாட்டு வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். இரண்டையும் அச்செடுத்து, கவுன்டரில் கொடுக்காமல் நேராக மேலாளரிடம் கொடுத்து, என் மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். முத்திரை என்றதும் அவர் முகம் மாறியது. அடுத்த வாரம் ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். அம்மா கைநாட்டு வைத்தார், அவருக்குக் காபியும் கொடுக்கச் சொன்னார்.

பவர் பற்றி ஒரு வார்த்தை. எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறிவிட்டால் சாதாரண பவர் பத்திரம் சட்டப்படி செல்லாது. நினைவு மங்கத் தொடங்கியவர்கள் வீட்டில் இருந்தால், தெளிவாக இருக்கும்போதே வைப்பு நிதிகளை இருவரில் யாரும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்கித்தான் ஒவ்வொன்றும் நடக்கும்.

அந்தப் பணத்தில் 15 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். வட்டி 8.2 விழுக்காடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வரும். அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடத் திட்டம். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டியே கிடைக்காது, இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை விழுக்காடு போகும், அதற்குப் பிறகு ஒரு விழுக்காடு. எனவே இல்லத்துக்கான வைப்புத் தொகையை முதலிலேயே தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

இப்போது ஓய்வூதியம். நினைத்தால் இன்னும் எரிகிறது. அப்பா மத்திய அரசு வேலையில் இருந்தவர். 80 வயது ஆனால் குடும்ப ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகையில் 20 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும். 85-இல் 30, 90-இல் 40 என்று ஏறும். அம்மாவுக்கு 80 முடிந்து இரண்டு வருடம் ஆகியும் ஒரு பைசா ஏறவில்லை. வங்கியில் கேட்டால் "சிஸ்டம் தானா போடும்". எப்படிப் போடும்? அப்பாவின் பழைய ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இல்லை. அந்தக் காலத்து ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி எழுதப்படவில்லை. தேதி இல்லாமல் சிஸ்டத்துக்கு வயது தெரியாது.

வங்கி, அப்பாவின் பழைய அலுவலகத்துக்குக் கை காட்டியது. பழைய அலுவலகம் வங்கிக்குக் கை காட்டியது. நடுவில் ஒருவர் அம்மாவின் பள்ளிச் சான்றிதழ் கேட்டார். 1940-களில் கிராமத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவரிடம்! பான் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாமே பிறந்த தேதிக்கு ஏற்கத்தக்க ஆவணங்கள் என்று ஓய்வூதியத் துறையின் உத்தரவுகள் இருக்கின்றன. அதைச் சொன்னால் "அதெல்லாம் எங்களுக்கு வரலை" என்றார். கடைசியில் சிபென்கிராம்ஸ் என்ற மத்திய அரசின் ஓய்வூதியக் குறைதீர் தளத்தில், ஆணையின் நகலையும் பான், ஆதார் நகல்களையும் இணைத்துப் புகார் போட்டேன். மனுக்களுக்கு அசையாத கோப்பு அதற்கு அசைந்தது. திருத்திய ஆணை வந்தது. அடிப்படை 14,000 என்பதால், அகவிலைப்படி 55 விழுக்காடாக இருந்த கணக்கில் 21,700 இருந்தது 26,040 ஆயிற்று. மாதம் 4,340. 80 முடிந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து நிலுவையும் வந்தது. வீட்டில் ஓய்வூதியம் வாங்கும் பாட்டி, அம்மா இருந்தால் இன்றே அந்த ஆணையை எடுத்துப் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 79 வயதிலேயே பார்த்துச் சரிசெய்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

இந்த இடைவெளியில் அம்மா வீட்டில் இருந்தபோது, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார்கள், பிசியோதெரபியும் செய்தார்கள். இலவசம். பகுதிச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

கடைசியில் கிடைத்தது ஓர் அறக்கட்டளை இல்லம். மாதம் 24,500, உதவியாளர் உட்பட. டயாபர், பிசியோ, மருந்து, டாக்டர் வருகை எல்லாம் சேர்த்தால் 36,000 பக்கம் வருகிறது. ஓய்வூதியமும் அஞ்சலக வட்டியும் கிட்டத்தட்ட அதை ஈடுகட்டுகின்றன. மருத்துவமனைச் செலவு வந்தால் தம்பியும் நானும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று வரிகளை மாற்றச் சொன்னேன், இரண்டை மாற்றினார்கள். அம்மா மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் பணம் கழிக்கப்படும் என்று சேர்த்தார்கள். வைப்புத் தொகையை எத்தனை நாளில் திருப்புவார்கள் என்று எழுதினார்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு கட்டண உயர்வை மட்டும் குறைக்க மறுத்துவிட்டார்கள்.

ஓய்வூதியம் நிற்காமல் வர ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை இல்லத்திலிருந்தே கொடுத்துவிட்டோம். 80 வயது தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அம்மாவின் ரேகை கருவியில் பதியவே மாட்டேன் என்றது. முகத்தைக் காட்டிப் பதியும் செயலி ஜன்னல் பக்கம் உட்காரவைத்ததும் எடுத்துக்கொண்டது. வைப்புத் தொகை ரசீதில் மட்டும் அம்மாவின் பெயருக்குப் பதில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். எந்தத் திங்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன்.