எலி வளையும் கரித்துண்டும்

குகைத் தரையைத் தோண்டும்போது நான் முதலில் தேடுவது எலும்பையோ கல்லாயுதத்தையோ அல்ல, எலி வளையை. சுற்றிலும் இறுகிய மண். நடுவில் மட்டும் பொலபொலவென்று வட்டமாக ஒரு திட்டு. கரண்டி அங்கே தானாக இறங்கும். மேலே கிடந்த கரித்துண்டு அந்த வழியாக அரை மீட்டர் கீழே போயிருக்கும். ரேடியோகார்பன் சோதனையில் கரியின் வயது சரியாகத்தான் வரும். பக்கத்தில் கிடக்கும் கல்லாயுதத்தின் வயது அதுவல்ல, அவ்வளவுதான்.

தண்ணீர் இன்னும் மோசம். இந்தோனேசியாவின் லியாங் புவா குகையில் 2003இல் கிடைத்த குள்ள மனித எலும்புகளுக்கு முதலில் சுமார் 18,000 ஆண்டுகள் என்றார்கள். அப்புறம் பார்த்தால், பழைய படிவு அரிக்கப்பட்டு, மிஞ்சி நின்ற மேட்டின் சரிவில் புது மண் வந்து படிந்திருக்கிறது. வயது பார்த்த கரி அந்தப் புது மண்ணுக்குரியது. ஒரே ஆழம், வேறு வேறு காலம்! 2016இல் எலும்புகளின் வயதை 60,000 முதல் 1,00,000 ஆண்டுகள் என்று திருத்தினார்கள்.

அதனால் குறிப்பேட்டில் ஆழத்தை மட்டும் எழுதி விடுவதில்லை. நிறம், இறுக்கம், சாய்வு எல்லாம் எழுதுவேன். வளை மண் தனிப் பைக்குப் போகும். அதில் அழகான பாசிமணி கிடைத்தால் மனசு கேட்காது. ஆனாலும் தனிப் பைதான்.