அடுப்படி வரைக்கும்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று லிஸ்ட் வாங்கும் நாள். மதுரையில் மாற்றுத்திறனாளிகள் வெளியே போக முடியாமல் இருக்கும் வீடுகளுக்கு எங்கள் குழு மாதாமாதம் சாமான் வாங்கிக் கொடுக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காகப் போன் போட்டு, இந்த மாதம் என்ன சாமான் வேண்டும் என்று கேட்டு எழுதினோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி பை கட்டினால் வேலை பாதியாகக் குறையும், பணம் தருகிறவர்கள் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைக்குப் போகிற எவரும் 'ஏதோ ஒன்று கொடுங்கள்' என்று கேட்பதில்லை. நடக்க முடியாதவருக்கு மட்டும் கடலை எண்ணெயா நல்லெண்ணெயா என்று நாம் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

செல்லூர் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் வேலை பார்த்தவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவர் சொன்ன லிஸ்டில் அரிசி குறைவு. முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கீரை, கம்பு. படுக்கைப்புண் ஆறப் புரதம் வேண்டும், மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து வேண்டும் என்று மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எல்லாருக்கும் கட்டும் பையில் அரிசியும் சீனியும்தான் நிறைய இருக்கும், அவருக்கு ஆகவேண்டியது ஒன்றும் இருக்காது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கீழமாசி வீதி. லாரி இறக்கும் நேரத்துக்கு முன்னால் போய்விட்டால் நிம்மதியாக எடைபோட்டு வாங்கலாம். எங்களுக்குச் சாமான் தரும் கடைக்காரர் மொத்த விலைக்குத்தான் போடுகிறார், பருப்பில் கல் குருணை இருந்தால் அவரே ஒதுக்கிவிடுவார், அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அரிசிச் சிப்பம் இப்போதெல்லாம் 26 கிலோ. 25 கிலோ வரைக்குமான பாக்கெட்டுகளுக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டதிலிருந்து ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வரி மிச்சம், சரி. ஆனால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் 26 கிலோவை எப்படி நகர்த்துவார்? அதனால் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இரண்டிரண்டு கிலோவாகப் பிரித்தோம். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன அவனியாபுரம் அம்மாவுக்குப் போகும் பைகளில் முடிச்சே போடக்கூடாது, இடது கையால் இழுத்தால் வரும்படி ரப்பர் பேண்டைத் தளர்வாகச் சுற்றினால் போதும். எண்ணெய் பாக்கெட்டாக வாங்காமல், திருகு மூடி போட்ட பாட்டிலாகவே எடுத்து, மூடியை ஒரு தடவை திறந்து லேசாக மூடி அனுப்புகிறோம்.

செப்டம்பர் 4, வியாழன்

அனுப்பானடி அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, தெரு முழுக்கப் பள்ளம் தோண்டிப் போட்டதிலிருந்து தனியாக வெளியே வருவதில்லை. அவர் வீட்டில் சாமானை வாசலில் வைத்துவிட்டு வந்தால் அது பாதி உதவிதான். ஒவ்வொரு பாக்கெட்டாக அவர் கையில் கொடுக்க வேண்டும். சீனிக்கு ஒரு ரப்பர் பேண்ட், உப்புக்கு இரண்டு, ரவைக்கு மூன்று, அது அவரே வைத்த கணக்கு. பருப்புக்கு ரப்பர் பேண்டே வேண்டாம் என்பார். பாக்கெட்டைக் காதருகே வைத்து ஒரு குலுக்கு குலுக்கி, "இது துவரை, இது கடலை" என்று சொல்லி இடதும் வலதுமாக வைத்துக்கொண்டே போனார், ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்புறம் எந்த டப்பா எந்தத் தட்டில் என்பதும் அவர் சொல்கிறபடிதான். ஒரு சாண் தள்ளி வைத்தாலும் மறுநாள் காலையில் காபிக்குச் சீனி தேட வேண்டியிருக்கும்.

அங்கிருந்து வில்லாபுரம், மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. தசைச்சிதைவு நோய் உள்ள தம்பி, பத்தொன்பது வயது, தலையைத் திருப்பி வைக்கவும் ஆள் வேண்டும். அவனால் வெளியே போக முடியவில்லை, அவனை விட்டுவிட்டு அவன் அம்மாவாலும் போக முடியவில்லை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, வீட்டுக்குள் அடைபட்டிருப்பவர் ஒருவர் என்றால் கூடவே இன்னொருவரும் அடைபட்டிருக்கிறார். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அந்தப் பணம் கையில் இருந்தாலும் காய்கறிக் கடைக்குப் போக அவன் அம்மாவுக்கு நேரம் கிடையாது. இன்று சாமானை அடுக்கிவிட்டு, "நான் தம்பிகூட இருக்கேன், நீங்க ஒரு நடை போயிட்டு வாங்கக்கா" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார், கையில் கால் கிலோ சுண்டைக்காயும் ஒரு முழம் மல்லிகையும். கறிகாயைத் தொட்டுப் பார்த்து வாங்கி எத்தனை மாதம் ஆச்சு என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒருவர் இரண்டு மாதச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பேனர் பிடித்து, வாங்குகிறவர் முகம் தெரிய போட்டோ வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டோம். பில் தருகிறோம், எடைச்சீட்டு தருகிறோம், கடைக்காரரிடம் நேரில் விசாரித்துக்கொள்ளட்டும். செல்லூர் அண்ணன் தலைமாட்டில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுக்க என்னால் ஆகாது. பணம் வராது, தெரியும். குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 13, சனி

அவனியாபுரத்தில் தாயுமானவர் திட்ட வண்டி தெருவுக்குள் வந்தது. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம், ஆகஸ்ட் 12 அன்று முதல்வர் தொடங்கிவைத்தது. மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறு என்று அறிவித்திருந்தார்கள். எடைத்தராசும் ரேகை வைத்துப் பில் போடும் இயந்திரமும் வண்டியிலேயே இருக்கிறது. அந்த அம்மாவின் இடது கைவிரல் ரேகை விழும் வரைக்கும் கடைக்காரப் பெண் பொறுமையாக நின்றார். ரேஷன் கடைக்கு ஆட்டோ பிடித்துப் போய் வருகிற செலவே வாங்குகிற சீனி, பருப்பு விலையைவிடக் கூடுதலாக இருந்த வீடு இது. மனசு நிறைந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி அரிசியும் சீனியும் அரசு வண்டியிலேயே வந்துவிடும் என்றால் அந்தப் பணத்தைக் காய், பால், முட்டை, சோப்பு, நாப்கின் என்று திருப்பிவிடலாம். ரேஷனில் கிடைத்த கோதுமை ஒன்றுதான் பாக்கி. முழுக் கோதுமையை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? வெயிலில் காயவைத்து, கல் பார்த்து, மாவு மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வர வேண்டும். "கொஞ்சம் கொண்டைக்கடலையும் சேர்த்து அரைச்சுட்டு வாப்பா, சப்பாத்தி மெதுவா வரும்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், நாளைக்கு மில்.

வில்லாபுரம் பக்கம் இருப்பவர்கள் யாராவது வியாழக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? சாமான் சுமக்க ஆள் இருக்கிறது. அந்தத் தம்பியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கத்தான் ஆள் வேண்டும், அவனுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர்.