ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி, எழும்பூர் ஸ்டேடியம், ஆகஸ்ட் 2023

ஆகஸ்ட் 3, வியாழன்
சீனாவை 7-2 என்று அடித்தோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பேருந்து பக்கத்தில் இரண்டு கையெழுத்து கிடைத்தது, இரண்டும் மார்க்கரில். அப்பா நோட்டை வாங்கி விரலால் தடவினார். "ஒன்றுமே இல்லையே இதில்" என்றார்.

ஆகஸ்ட் 4
ஜப்பானுடன் 1-1. இப்படி ஆன இரவில் யாரிடமும் நோட்டை நீட்டக் கூடாது. நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5
ஆட்டம் இல்லை. நாள் முழுக்க நோட்டும் நானும்தான்.

முதல் பக்கம் அன்றைய இந்திய கேப்டன் பாஸ்கரன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு அப்பா வாங்கியது. பால்பாயிண்ட் பேனா. தாளைத் திருப்பினால் எழுத்து பின்பக்கம் புடைத்திருக்கிறது. கடைசிக் கோடு முடியும் இடத்தில் தாள் மயிரிழை கிழிந்திருக்கிறது. கண்ணில் கட்டுப் போட்ட நாளிலிருந்து அப்பாவின் நகம் அந்தக் கிழிசலில்தான் இருக்கிறது.

மார்க்கர் தாளின் மேலே உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஹாக்கி மட்டைக்கு அது சரி. பந்துக்கும் வேறு வழியில்லை, குழிகளில் எழுத்து உடைந்தாலும். தாளுக்கு இனி பால்பாயிண்ட்தான். பரீட்சை அட்டை மேல் வைத்து எழுதிப் பார்த்தேன், பதியவில்லை. நடுவே செய்தித்தாளை நான்காக மடித்து வைத்தேன். பதிந்தது!

ஆகஸ்ட் 6
மலேசியாவுடன் 5-0. முதல் கோல் நம்ம அரியலூர் கார்த்தி. அவர் கையெழுத்தும் கிடைத்தது, பால்பாயிண்டில். அப்பா மூன்று முறை தடவினார். "இது இருக்கிறது" என்றார்.

ஆகஸ்ட் 7
கொரியாவுடன் 3-2. மருத்துவமனை வராந்தாவில் போனில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9
பாகிஸ்தானுடன் 4-0. எவ்வளவு கூட்டம்! தடுப்புப் பக்கமே போக முடியவில்லை. கோல்கீப்பர்கள் எப்போதும் கடைசியில்தான் வருவார்கள். கால் பேட், பாதத்தில் மாட்டும் கிக்கர், நெஞ்சுக் கவசம் எல்லாம் கழற்ற வேண்டுமே. நம்ம கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்காகக் காத்திருந்தேன். என்னை நாலு வரிசை பின்னால் தள்ளிவிட்டார்கள். பேருந்து கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

பாஸ்கரனுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு வருடமாகக் காலி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் கடைசி பெனால்டி கார்னரைத் தடுத்த அன்றே, "அது ஸ்ரீஜேஷுக்கு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 10
கட்டு அவிழ்க்க இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். அப்பா யாரோடும் பேசவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 11
அரையிறுதி. ஜப்பானுடன் 5-0. ஸ்ரீஜேஷுக்கு 300ஆவது ஆட்டம். இன்று போய் நின்றிருக்க வேண்டும். அப்பாவுக்கு ராத்திரி சொட்டு மருந்து விட வேறு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 12, மலேசியாவுடன் ஃபைனல், இடைவேளை
1-3. கை நடுங்குகிறது. அப்பா போன் செய்தார். "மாஸ்கோ ஃபைனலிலும் ஸ்பெயின் விடாமல் துரத்தியது. 4-3தான் முடிவு" என்றார். நாம் இன்னும் ஒரு கோல்தானே போட்டிருக்கிறோம் என்றேன். வைத்துவிட்டார்.

இரவு
4-3. அதே 4-3!

அப்பாவுக்கு அடித்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அக்கா வந்திருக்கிறாள், மருந்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

தடுப்பில் முதல் வரிசை பிடித்துவிட்டேன். செய்தித்தாள் மடிப்பு சரியாக இருக்கிறது. ஒவ்வொருவராக வந்து ஏறுகிறார்கள். கோல்கீப்பர் இன்னும் வரவில்லை. பேனாவை உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன், எழுதுகிறது.