பலெர்மோ வீட்டுச் சமையலறையில் மாக்கோ

தை மாதம் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் வெயில் வெளியே நிற்கும், குளிர் வீட்டுக்குள் இருக்கும். பழைய கட்டடங்கள் பலவற்றில் சூடேற்றும் வசதி கிடையாது. கல்தரை காலைக் கடிக்கும். அந்த நாட்களுக்கென்று ஊர்க்காரர் வைத்திருக்கும் சாப்பாடு மாக்கோ, சிசிலிப் பேச்சில் மாக்கு. உலர்ந்த ஃபாவா அவரையைக் கரைய அவித்து, காட்டுப் பெருஞ்சீரகத் தழை சேர்த்து, மேலே பச்சை ஒலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவது. பருப்புக் கடைந்து பழகிய கைக்குப் பாதி வேலை தெரிந்ததுதான். மற்றப் பாதி கெடுவதும் அந்தப் பழக்கத்தால்தான்.

அடுப்பு மூட்டுமுன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். சமைத்தாலும் அந்த ஆபத்து நீங்காது. சிசிலியில் இந்தக் குறைபாடு பலருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இது பரம்பரையாக வருவது, மலேரியா இருந்த நாடுகளில் பரவலாகக் காணப்படுவது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களிலும் இருக்கலாம். ஆண்களுக்கே கூடுதலாக வரும். இதற்கென்றே உள்ள இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பரிசோதிக்காத சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட ஓரிரு நாளில் கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பல்லாரோ சந்தையிலோ கப்போ சந்தையிலோ 'ஃபாவே ஸ்பெட்ஸாத்தே' என்று கேட்டால் தோல் நீக்கி உடைத்த அவரை தருவார்கள். முழுசாக, தோலோடு இருப்பது மலிவு. ஆனால் இரவு முழுதும் ஊறவைத்து ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். முதல் முறைக்கு உடைத்ததே போதும். நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் புதுசு. மண்ணிறம் ஏறியிருந்தால் நாள்பட்டது, எவ்வளவு அவித்தாலும் நடுவில் மணல்போல் நிற்கும். ஊசித்துளை தெரிந்தால் வண்டு குடியிருக்கிறது.

தழையின் பெயர் 'ஃபினொக்கியெத்தோ'. மாசி, பங்குனியில் கட்டுக்கட்டாக வரும். சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மலையேறும்போது வழியில் கண்டோம் என்று பறித்து வரக் கூடாது: அந்த மலை பாதுகாக்கப்பட்ட இடம், அதைவிட, இதே சாயலில் நச்சுச் செடிகளும் உண்டு. தழை கிடைக்காத காலத்தில் கடையில் விற்கும் வெள்ளைப் பெருஞ்சீரகக் கிழங்கின் மேல்தழையை நறுக்கி, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தை நசுக்கிச் சேர்த்தால் மணம் கிட்ட வரும்.

நான்கைந்து பேருக்கு அரைக் கிலோ அவரை. முதல்நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஒரு கட்டுத் தழையை இரண்டரை லீற்றர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்துப் பொடியாக நறுக்குங்கள். பச்சை நிறமாகிவிட்ட அந்தத் தண்ணீரில்தான் அவரை வேக வேண்டும். ஊற்றிவிட்டால் பாதி மணம் போச்சு. அடிகனமான சட்டியில் நறுக்கிய வெங்காயம் ஒன்று, நறுக்கிய தழை, அவரை, அந்தத் தண்ணீர். கொதி வந்ததும் வெண்நுரை பொங்கும், அகப்பையால் எடுத்துவிட்டுத் தணலைக் குறைக்க வேண்டும். பிறகு ஒன்றரை மணி நேரம்.

முதல் ஒரு மணி நேரம் சட்டி உங்களைத் தேடாது. அவரை உடையத் தொடங்கியதும் நிலைமை மாறும். குழம்பு தடித்து, பெரிய குமிழிகள் 'பொளக், பொளக்' என்று வெடித்துக் கையில் தெறிக்கும். அந்தக் கடைசி அரைமணியில் அடியைச் சுரண்டிக் கிண்டாவிட்டால் அடிப்பிடிக்கும், பிடித்த மணம் சட்டி முழுக்க ஏறும், எதைப் போட்டாலும் மறையாது. பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு சட்டிக்கு மாற்றுங்கள். இறுகினால் சுடுதண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாகி வேக மறுத்தால், ஒரு சிட்டிகை அப்பச்சோடா. அதற்குமேல் போட்டால் சவர்க்காரச் சுவை வரும். தக்காளியைத் தொடக்கத்திலேயே போட்டாலும் அவரை இளகாது. மிக்ஸி தேவையில்லை, மத்தும் தேவையில்லை. மர அகப்பையால் சட்டி ஓரத்தில் அழுத்தினாலே மசியும். உப்பு கடைசியில், ஏனெனில் சுண்டச் சுண்ட உப்பு ஏறும்.

பிரஷர் குக்கரில் வைத்தால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை வால்வை அடைக்கும். மின்னடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: இங்கே வீட்டு இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். சட்டி வேகும்போதே சலவை இயந்திரத்தையும் போட்டால் மெயின் விழுந்துவிடும்.

இனித்தான் நம் கை துறுதுறுக்கும் இடம். கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்துக் கொட்டத் தோன்றும். தேங்காய்ப்பாலும் நினைவுக்கு வரும். அது நல்ல கறிதான், ஆனால் மாக்கோ அல்ல. இதில் எண்ணெய் காயக் கூடாது. இறக்கிக் கோப்பையில் ஊற்றிய பிறகு, ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஒலிவ் எண்ணெயைப் பச்சையாக விட வேண்டும். சூட்டில் எண்ணெயும் தழையும் சேர்ந்து எழும் அந்தக் காரமான பச்சை வாசனைக்காகத்தான் இவ்வளவும். உறைப்பு வேண்டுமென்றால் செத்தல் மிளகாயை நுள்ளித் தூவலாம், ஊரவர்களும் அப்படிச் செய்கிறார்கள்.

பலர் இதில் 150 கிராம் ஸ்பகெட்டியை விரலளவு ஒடித்துப் போட்டு அவிப்பார்கள். ஸ்பகெட்டியை ஒடித்தால் முகம் சுளிக்கும் இத்தாலியரும் இதற்கு ஒடிப்பார்கள். போடுமுன் இரண்டு குவளை கொதிநீர் சேர்த்து இளக்காவிட்டால் மாவாக ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாளில் செய்வதில் கடலை, மைசூர்ப் பருப்பின் உறவான லெந்திக்கியே, உலர்ந்த செஸ்ட்நட் எல்லாம் சேரும். புது அவரை வருமுன் பழைய கையிருப்பைத் தீர்க்கும் வழி அது. தவக்காலமாகையால் இறைச்சி இல்லை; வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத நம் வீடுகளுக்கும் வசதி.

மிஞ்சியதைச் சூட்டோடு தட்டத்தில் இரண்டு விரல் தடிப்பில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் விடியற்காலையில் களிபோல் உறைந்திருக்கும். துண்டு போட்டு, கோதுமை மாவில் புரட்டி, எண்ணெயில் இரு பக்கமும் பொரித்தெடுக்கலாம். மாவில் புரட்டாமல் போட்டால் தாச்சியில் கரைந்துவிடும்.