கொலுசுக் கொக்கியில் ஒரு குதிரை

வெள்ளிக் கம்பியால் படம் வரையத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. தூண்டிவிட்டது ஒரு திருட்டுக் கதை.

1490ஆம் ஆண்டு, மிலான். லியோனார்டோ டா வின்சியின் பட்டறைக்கு ஜாகொமோ என்ற பத்து வயதுப் பையன் வந்து சேர்கிறான். பின்னாளில் சலாய், அதாவது குட்டிச்சாத்தான், என்று பட்டப்பெயர் வாங்கியவன். வந்த மறுநாளே அவனுக்குச் சட்டையும் காலுறையும் தைக்க ஏற்பாடு செய்து, கூலிக்கென்று லியோனார்டோ எடுத்துவைத்த பணத்தை அவனே சுருட்டிவிட்டான். இதையெல்லாம் மனிதர் கணக்குப்பிள்ளையைப் போலக் குறித்துவைத்திருக்கிறார். செப்டம்பர் 7: உடனிருந்த மார்க்கோவின் வெள்ளி எழுத்தாணியைத் திருடினான், மதிப்பு 22 சோல்டி (அக்கால இத்தாலியக் காசு), தேடியபோது அவன் பெட்டியிலேயே கிடைத்தது. இன்னொரு முறை, பூட்ஸ் தைக்க வைத்திருந்த தோலைச் செருப்பு தைப்பவரிடம் 20 சோல்டிக்கு விற்றுச் சோம்பு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டான். ஒரு தோலைவிட விலை கூடிய அந்த எழுத்தாணியால் என்னதான் வரைந்தார்கள் என்று பார்க்க ஆசை வந்தது.

எழுத்தாணி எளிதாக முடிந்தது. வீட்டில் அறுந்துபோன கொலுசின் கொக்கியும் சில சலங்கைகளும் கிடந்தன. நகைப் பட்டறை ஆசாரி அவற்றை உருக்கி, அச்சில் இழுத்து, இரண்டு மில்லிமீட்டர் கம்பியாகக் கொடுத்தார். "பென்சில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்குமே தம்பி" என்றார். சரியான கேள்விதான். தடித்த முள் போடும் மெக்கானிக்கல் பென்சிலில் கம்பியைச் செருகி, நுனியை உப்புத்தாளில் தேய்த்து உருட்டினேன். ஊசி போலக் கூராக்கக் கூடாது. கூர் இருந்தால் கீறும், எழுதாது.

வெறும் தாளில் இழுத்தால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளி மென்மையானது என்றாலும் அதை உரசி எடுக்க ஏதாவது சொரசொரப்பு வேண்டும். அதற்குத்தான் தாளின் மேல் எலும்புச் சாம்பல் பூச்சு. 1400 வாக்கில் இத்தாலியில் ஓவியக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி இதற்குச் சொல்லும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: கோழியின் தொடை எலும்பும் இறக்கை எலும்பும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கும், அப்படியே பொறுக்கி நெருப்பில் போடு, சாம்பலைவிட வெண்மையானதும் எடுத்து அரை. பயிற்சிப் பையன்களுக்கோ இன்னும் எளிய வழி. அவரையில் பாதியளவு எலும்புப் பொடியை எச்சிலில் குழைத்துச் சிறு மரப்பலகையில் விரலால் தடவிக்கொண்டால் போதும். வரைந்து பழகிவிட்டு அழித்து மறுபடி தடவலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் எலும்புகளை முதலில் எரிவாயு அடுப்பில் சுட்டேன். நாற்றம் மூன்றாவது வீடு வரை போனது, எலும்போ கரிக்கட்டை. சூடு போதாவிட்டால் உள்ளே கரி தங்கிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்த வாரம் மொட்டை மாடியில் இஸ்திரிக் கரியை மூட்டி, தலைமுடி உலர்த்தியால் ஊதினேன். முக்கால் மணி நேரத்தில் சுண்ணாம்பு போல வெளுத்து, விரலில் நொறுங்கியது.

அரைப்பதுதான் பெரும்பாடு. இரண்டு மணி நேரம் அரை, இன்னும் அரைத்தால் இன்னும் நல்லது என்கிறார் சென்னினி. மருந்தரைக்கும் கல்வம் ஒன்றைக் கடன் வாங்கி நாற்பது நிமிடத்தில் கையை உதறினேன். அந்தச் சோம்பலுக்குத் தண்டனையாக முதல் தாள் முழுக்க மணல் மணலாக இருந்தது. லியோனார்டோவும் பிளாரன்ஸில் ஓவியர் வெரோக்கியோவின் பட்டறையில் எடுபிடிப் பையனாகத்தான் தொடங்கினார். அந்தப் பட்டறைகளில் அரைப்பது, காய்ச்சுவது, பூசுவது எல்லாம் பையன்கள் வேலை. சலாய் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

பொடியைத் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையோடு சேர்த்தேன். அக்கால ஓவியர்கள் ஈய வெள்ளையும் கலப்பார்கள். அது நஞ்சு, நான் துத்தநாக வெள்ளை போட்டேன். நிறத்துக்குச் சலவை நீலம் ஒரு சிட்டிகை. வச்சிரம் கூடியபோது பூச்சு வெடித்தது, குறைந்தபோது கையோடு வந்தது. ஐந்தாவது தாளில் மெல்லிய மூன்று பூச்சுகள் பிடித்துக்கொண்டன.

நீலம் ஏன் என்றால், மிலான் பிரபு லுடோவிகோ ஸ்ஃபோர்ஸா தன் தந்தைக்கு எழுப்ப நினைத்த வெண்கலக் குதிரைச் சிலைக்காக லியோனார்டோ வரைந்த குதிரைகளில் சில நீலப் பூச்சுத் தாளில் இருக்கின்றன. இப்போது அவை இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனையில். சிலை வரவே இல்லை. 1494இல் வெண்கலம் பீரங்கிக்குப் போனது. களிமண் மாதிரியை 1499இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்லாளிகள் அம்புப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். தாளில் வரைந்ததுதான் தப்பியது.

அதில் ஒன்றின் கழுத்தையும் மார்பையும் பார்த்து வரைந்தேன். முதல் கோடு மயிரிழை போல வந்தது. அழுத்தினேன், கருமை கூடவில்லை, பூச்சு கிழிந்தது. அழுத்தத்துக்கு இது மசியாது. நிழல் வேண்டுமென்றால் கோட்டின் மேல் கோடாகப் பொறுமையாக நெய்யவேண்டும். லியோனார்டோ இடதுகைக்காரர் என்பதால் நிழற்கோடுகள் மேல் இடப்பக்கம் தொடங்கிக் கீழ் வலப்பக்கம் சாய்கின்றன. என் வலது கைக்கு அது வரவில்லை. தாளைக் கால் சுற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு ஏமாற்றினேன். நான்கு மாலைகள் ஆயின. மார்பின் தசை கொஞ்சம் எழுந்திருக்கிறது. முன்னங்கால் ஒரு விரற்கடை நீளமாகிவிட்டது. ரப்பர் இதில் வேலை செய்யாது, ஆகவே அந்தக் கால் அப்படியேதான் நிற்கும்.

அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 1490களில் லியோனார்டோ சிவப்புச் சுண்ணத்தை, அதாவது காவிக்கல் குச்சியை, கையில் எடுக்கிறார். இயேசுவின் கடைசி இராப்போசன ஓவியத்துக்கான தலைகள் சிலவற்றை அதில்தான் வரைந்தார். பிற்பாடு அங்கியாரிப் போர் ஓவியத்துக்காக வரைந்த துள்ளும் குதிரை ஒன்றுக்கு ஒரே உடலில் பல தலைகள், பல பின்னங்கால்கள். ஒன்றை முடிவுசெய்யாமல் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கிற கை. அப்படிப்பட்டவருக்கு ஒருமுறை இட்டால் போகாத, இருள மறுக்கிற இந்த வெள்ளிக் கோடு எத்தனை நாள் ஒத்துவந்திருக்கும்? வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். நான்கு மாலை உட்கார்ந்தவனின் ஊகம் இது.

வெள்ளி காற்றில் கறுத்துப் பழுப்பாக வேண்டும். பொறுக்கமாட்டாமல் ஒரு சோதனைத் துண்டை அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்தேன். மூன்றாம் நாள் கோடுகள் லேசாகப் பழுத்திருந்தன, டப்பாவைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. குதிரையை அதன்போக்கில் விட்டிருக்கிறேன். இதுவரை சாம்பல் நிறம்தான்.

நேற்று நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல் வாங்கிவந்தேன். ரம்பத்தால் அறுத்துக் குச்சியாக்கப் பார்த்ததில் இரண்டு உடைந்துவிட்டன. மூன்றாவதில் நுனி வந்திருக்கிறது.